மாமனாரின் சுங்கான்

ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து நோக்கயா மேடேறி வந்தபோது மூடுபனி அவளுக்கு முன்பே வந்து வீட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மாட்டுப்பட்டியின் வேலி தெரியவில்லை. சோளக்கொல்லை தெரியவில்லை. மூன்று வட்ட வீடுகளின் புல்கூரைகள் மட்டும் அந்த வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தன.

அவள் முற்றத்தைக் குறுக்கே கடக்கவில்லை. பெரிய வீட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவே இருக்கும் அந்த இடம் ஆண்களுடையது, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களுடையது. மருமகள், அதாவது மகோட்டி, வீடுகளின் பின்புறமாகச் சுற்றித்தான் வரவேண்டும். நான்கைந்து வருடப் பழக்கத்தில் கால்கள் தாமாகவே சுற்றுவழியில் திரும்பின. மூன்று வயது மிலீசா பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

மாமியார் மாம்பெலே காலையிலேயே வண்டி பிடித்துக் கட்யானா சந்தைக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை சடங்கு. பிராந்தியும், மது காய்ச்ச முளைவிட்ட சோள மாவும் வாங்க வேண்டும். பெரியவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை நாளும் வெளியே அலைந்துகொண்டிருப்பவரை, காளை வெட்டி, குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மாட்டுப்பட்டி வழியாக வீட்டுக்குள் அழைத்துவர வேண்டும். அதன் பிறகு அவர் அந்த வீட்டின் காவல். அதுவரை அவர் வெறும் அலைச்சல்.

பெரியவர் என்றால் நோக்கயாவின் மாமனார். அவர் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பெயரோடு ஒலி ஒத்துப்போகும் சொற்களைக்கூட அவள் நாக்கு தவிர்த்துப் பழகியிருந்தது. அவரும் அவளை நேராகப் பார்த்ததில்லை. வீட்டு மூலை திரும்பும் முன் ஒருமுறை இருமுவார். அவள் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு ஒதுங்குவாள். அவர் கடந்து போவார். அந்த ஒரு இருமல்தான் அவர்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும்.

தண்ணீரை இறக்கி வைத்தபோது ஓசை கேட்டது.

பெரிய வீட்டுக்குள் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் வாசலில் குனிந்து உள்ளே போய், வழக்கம்போல இடப்பக்கம், பெண்களின் பக்கம், நின்றாள். கண் இருட்டுக்குப் பழகியது. வாரக்கணக்கில் பெய்த தூறலில் கூரை ஓரிடத்தில் தளர்ந்திருந்தது. வலப்பக்கம், ஆண்களின் பக்கம், சுவரோர மரப்பலகைமேல் பெரியவரின் ஆட்டுத்தோல் பை இருந்தது. தண்ணீர் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

பைக்குள் அவர் புகைக்கும் சுங்கான்.

காட்டு ஒலிவ மரத்தில் கடைந்தது. கிண்ணத்தின் உள்ளே தகரம் பதித்து, வெளியே ஈயத்தில் பின்னல் வேலை செய்தது. பெரியவரின் பாட்டனார் கையிலிருந்து வந்தது என்பார்கள். தண்டில் வெள்ளையும் நீலமுமாகப் பாசிமணி கோத்திருந்தது. ஊரில் யார் யாரிடம் சுங்கான் வாங்கிப் புகைத்தாலும் தண்டு மட்டும் அவரவருடையதுதான். ஒருவரின் எச்சில் அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது. அந்தத் தண்டு அவர் வாயைத் தவிர வேறு வாய் அறியாதது. சனிக்கிழமை அவருடைய தம்பி அதில் புகையிலை நிரப்பிப் பற்றவைத்து வீட்டின் பின்சுவரோரம் வைக்க வேண்டும். வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

நனைந்தால் மரம் வெடிக்கும். அந்தப் பக்கம் போனால் வீடு கெடும்.

நோக்கயா நெடுநேரம் நின்றாள். சொட்டு விழுந்தது. மறுபடி விழுந்தது. கடைசியில் துடைப்பத்தை எடுத்தாள். பெண்கள் பக்கத்தின் விளிம்பில், அடுப்புக் கல்லுக்கு இப்பால் மண்டியிட்டு, ஒரு விரல்கூட எல்லை தாண்டாமல், துடைப்பக் கட்டையை நீட்டிப் பையின் வாரைக் கொக்கிபோல் மாட்டினாள். பை அசைந்தது. பலகையின் ஓரத்துக்கு வந்தது. கட்டையில் தொங்கவிட்டு அடுப்புக்கு மேலாகத் தன் பக்கம் இழுத்தாள்.

வார் நழுவியது.

பை அடுப்புக் கல்லின்மேல் விழுந்த ஓசை பெரிதாக இல்லை. கோழி எலும்பு முறிந்ததுபோல, அவ்வளவுதான்.

பைக்குள் கைவிட்டபோது தண்டு இரண்டாக முறிந்திருந்தது தெரிந்தது. முறிந்த முனை ஊசியாகக் கூர்ந்திருந்தது. ஈயப் பின்னலுக்குக் குறுக்கே கிண்ணத்தில் ஒரு கீறல். பழைய புகையிலை வாசம் அவள் விரல்களில் ஏறியது. வாசலில் நின்று மிலீசா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் போன கோடையில், பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் ஒருமுறை வாய்விட்டபோது மாம்பெலே பானையைக் கழுவியபடியே சொன்னது நினைவுக்கு வந்தது.

"போகணும்னா போ, மகோட்டி. உன் அப்பன் பட்டிக்கு எங்க பரிச மாடு எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. போறது நீ மட்டும்தான். பிள்ளை ஜ்வாரா குலத்துப் பிள்ளை."

நோக்கயா முறிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பையை மூடி, அதே துடைப்பக் கட்டையில் மாட்டித் தூக்கிப் பலகையின் காய்ந்த ஓரத்தில் வைத்தாள். ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு வெளியே வந்து கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

வாசம் போகவில்லை.

அன்று அந்தி சாயும் முன் மாம்பெலே சுமைகளோடு வந்து இறங்கினாள். பனி இன்னும் விலகவில்லை. இரண்டு பெண்களும் சமையல் வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது வெளியே, மூலை திரும்பும் இடத்தில், யாரோ இருமினார்கள்.

நோக்கயாவின் கை தலைத்துணிக்குப் போய்விட்டது.

மாம்பெலே சல்லடையை நிறுத்தினாள். மூக்கை உயர்த்தினாள். பச்சைப் புகையிலை ஈரத்தில் கருகும் வாசம் உள்ளே வந்துகொண்டிருந்தது. வீட்டில் புகைப்பவர் யாருமில்லை. துக்கம் காக்கும் மாம்பெலேயும் தன் சுங்கானைத் தொட்டு ஓராண்டாகிறது.

"கிட்ட வந்துட்டார்," என்றாள் மாம்பெலே மெதுவாக. அவள் முகம் மணப்பெண்ணின் முகம்போல ஆகியிருந்தது. "தன் நாள் தெரிஞ்சிருக்கு அவருக்கு."

நோக்கயா குனிந்து மாவையே பார்த்தாள்.

மறுநாள் அண்டை வீட்டு மாதோலோ மது காய்ச்சும் பீப்பாயைக் கிளற வந்தாள். வாய் ஓயாதவள். நோக்கயாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, புருஷன் ம்சோலிசி ரஸ்டன்பர்க் சுரங்கத்திலிருந்து வரப்போகிறான் என்றதும் மகோட்டிக்கு இப்போதே தூக்கம் போய்விட்டதா என்று கேலி செய்தாள். ரஸ்டன்பர்க் பெண்களெல்லாம் குண்டாம், இவள் இப்படி மெலிந்தால் ம்சோலிசி வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விடுவானாம். நோக்கயா சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பெரிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஓசை.

யாரோ நீளமாக மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை. அடைத்துப்போன குழாயை உறிஞ்சுவதுபோல. நடுவில் எங்கோ காற்று கசிந்து சீறியது. சிறிது நேரம் நின்றது. மறுபடி இழுத்தது.

புகை வராத இழுப்பு.

மாதோலோ பீப்பாயைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. மிலீசா மட்டும் விளையாட்டை நிறுத்தி அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

பிறகு அம்மாவிடம் வந்து, காதருகே, ரகசியம்போலச் சொன்னாள்.

"தாத்தாவுக்கு வாய் கிழிஞ்சிருக்கும்மா."

அதன் பிறகு நோக்கயா குழந்தையைக் கீழே இறக்கவில்லை. முதுகில் துணியால் கட்டிக்கொண்டே வேலை செய்தாள். இழுப்போசை வருவதும் போவதுமாக இருந்தது. மூலையில் இருமல் கேட்கும்போதெல்லாம் அவள் ஒதுங்கி நின்றாள். யாரும் கடந்து போகவில்லை. ஆனாலும் கடந்து போகும் நேரம் வரை நின்றாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் முதுகில் ஏதோ ஈரமாக உணர்ந்தாள். குழந்தையை அவிழ்த்துப் பார்த்தபோது மிலீசாவின் வாயோரம் ஒரு கீறல் இருந்தது. மெல்லியது. சிராய் கிழித்ததுபோல நேரானது. அதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. துடைத்தாள். வந்தது. துணியை வைத்து அழுத்தினாள். வந்தது. மாம்பெலேயிடம், கீழே விழுந்துவிட்டாள் என்றாள். மாம்பெலே பார்த்துவிட்டு, கற்றாழை வைத்துக் கட்டு என்று சொல்லிவிட்டு மாதோலோவின் வீட்டுக்குப் பானைகள் இரவல் வாங்கப் போனாள்.

பெரிய வீட்டில் ஓசை எழுந்தது. அது இழுக்கும்போதெல்லாம் குழந்தையின் உதட்டில் புதிதாக ஒரு துளி ஊறியது.

நோக்கயா அதைக் கண்ணால் பார்த்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய வீட்டுக்குள் போனாள். பகல் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் உள்ளே அது வாசலோடு நின்றுவிட்டது. இடப்பக்கத்தில், அடுப்புக் கல்லுக்கு இப்பால் மண்டியிட்டாள். எதிரே மரப்பலகை. அதன்மேல் பை. அதற்கு அருகே இருட்டு மற்ற இடத்தைவிடச் சற்று உயரமாக உட்கார்ந்திருந்தது.

"அப்பா," என்றாள்.

இழுப்பு நிற்கவில்லை.

"நான் உங்க பக்கம் வரலை அப்பா. வரக்கூடாதுன்னுதான் துடைப்பத்தை நீட்டினேன்."

இழுப்பு. கசிவு. சீறல்.

"என்னைக் கிழிங்க. இவளை விடுங்க."

அப்பா என்று அந்த ஊரில் எந்த ஆணையும் கூப்பிடலாம். பேருந்து ஓட்டுபவரையும் கூப்பிடலாம். அவர் திரும்பவில்லை. தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே அலைகிறவருக்குக் காது எப்படி இருக்குமோ. குலப்பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை அவர் தம்பிக்கு, அதுவும் நாளைக்கு, காளையின் முன்னால். நாளை வரை குழந்தையின் உடம்பில் இரத்தம் இருக்குமா?

மிலீசாவின் தலை அவள் தோளில் சாய்ந்தது. துணி முழுக்க நனைந்திருந்தது.

நோக்கயா அவர் பெயரைச் சொன்னாள்.

இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்த பெயர். வாயைவிட்டு வெளியே வந்தபோது மிகச் சிறியதாக இருந்தது.

ஓசை நின்றது.

அந்த அமைதியில் வெளியே கோழிகள் இல்லை. காற்று இல்லை. கூரையிலிருந்து விழவேண்டிய சொட்டு விழவில்லை. குழந்தை தூங்குவதுபோல மூச்சுவிட்டது. நோக்கயா அதன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கீறலே இல்லை.

நன்றி சொல்லலாம் என்று நோக்கயா நிமிர்ந்தாள்.

மரப்பலகைக்கு அருகே இருந்த உயரமான இருட்டு அங்கே இல்லை.

அடுப்பிலிருந்த பழைய சாம்பல் நடுவில் மெல்லப் பள்ளமாகியது. ஒரு பாதம் அளவுக்கு. பிறகு கல்லுக்கு இப்பால், பெண்கள் பக்கத்தில், அவள் முழங்காலுக்கு முன்னால், தரையில் சாம்பல் ஒட்டியது.

அவர் இருமவில்லை.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஒதுங்கல், அந்தத் தலைத்துணி, அந்தச் சொல்லாத பெயர் எல்லாம் அவரிடமிருந்து அவளை விலக்கிவைக்க மட்டும் அல்ல. அது இரண்டு பக்கமும் நின்ற சுவர். அவரையும் அதுதான் அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தது. இப்போது அந்தச் சுவரில் அவள் வாயாலேயே கதவு வைத்தாயிற்று.

பச்சைப் புகையிலை வாசம் அவள் முகத்தின்மேல், மிக அருகில், சூடாக வந்து நின்றது.

சனிக்கிழமை காலை ம்சோலிசி இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தான். குழந்தையை ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்துவிட்டு நேரே ஆண்களோடு மாட்டுப்பட்டிக்குப் போய்விட்டான். பனி விலகி வெயில் வந்திருந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. பெண்கள் தங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நோக்கயா அவர்களுக்குப் பின்னால் குழந்தையோடு நின்றாள். இரவு முழுக்க அவள் கண்ணை மூடவில்லை. அவளுடைய சிறிய வீட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, யாரோ நின்றுகொண்டே இருந்தார்கள்.

பெரியவரின் தம்பி, குடும்பத்து ஈட்டியோடு காளையின் முன்னால் நின்றார். குல முன்னோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "ஜ்வாரா, உன் வீடு இது. உன் பட்டி இது. வா." ஈட்டி முனையால் காளையின் விலாவில் குத்தினார்.

காளை கத்த வேண்டும். கத்தினால்தான் அவர் வந்துவிட்டார் என்று பொருள்.

காளை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி குத்தினார். தோல் சிலிர்த்தது. இரத்தம் ஒரு கோடாக இறங்கியது. ஓசை இல்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், மனத்தாங்கல் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். அண்ணன் தம்பிகள் பழைய வேலித் தகராறைச் சொல்லிச் சமாதானம் ஆனார்கள். மூன்றாம் முறையும் காளை கத்தவில்லை.

தம்பி ஈட்டியைத் தாழ்த்தினார்.

"அவன் வெளியே இல்லை," என்றார். "யாரோ முந்திக் கூப்பிட்டுட்டாங்க."

மாம்பெலே முற்றத்துக்கு அப்பால், பெரிய வீட்டு வாசலில், கறுப்புத் துக்க உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று கழற்ற வேண்டிய உடை.  நோக்கயா தன் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் குழந்தையின் இந்தக் கனம் அவள் தோளிலிருந்து போய்விடும். திறக்காவிட்டால், அந்தச் சிறிய வீட்டுக்குள், அந்தக் கட்டிலருகே, இரவுதோறும் இவளையும் படுக்கவைக்க வேண்டும்.

அவள் பெண்கள் பக்கத்திலிருந்து இறங்கி முற்றத்தின் குறுக்கே நடந்தாள். கூட்டத்தில் ஒரு மூச்சு இழுபட்டது. யாரும் தடுக்கவில்லை. மாம்பெலேயின் முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒழுகிய கூரை, துடைப்பம், கல்மேல் விழுந்தது, குழந்தையின் வாய், பெயர். ஒருவர் பையைக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தார். அவர் அதைக் கவிழ்த்தபோது துண்டுகள் தரையில் விழுந்தன. வெள்ளையும் நீலமுமான மணிகள் உருண்டு ஓடின.

"எந்த வீட்டுல இருக்கார்?" என்று மாம்பெலே கேட்டாள்.

"என் வீட்டுல, அம்மா."

"பேசினாரா?"

"இல்லை. நிக்கிறார்."

 மாம்பெலேயின் குரலில் கோபத்தைக் காணோம்.

"அவர் வருவார்னு ஒரு வருஷமா வாசல் பக்கம் தலைவெச்சுப் படுத்தேன், மகோட்டி."

ம்சோலிசி முன்னால் வந்து, இவளை இன்றைக்கே இவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், பிள்ளை இங்கே இருக்கட்டும் என்றான். அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. நோக்கயா குழந்தையின் முதுகில் இருந்த கையை எடுக்கவில்லை.

மாம்பெலே மகனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எங்கடா அனுப்புவே? இவ கூப்பிட்டு வந்தவர். இவ போனா அவரும் போவார். அப்புறம் இந்த வீட்டுக்குக் காவல் யார் இருக்கா?"

தம்பியும் அதையேதான் சொன்னார். இன்னொரு முறை கூப்பிட முடியாது, வந்தவரை அங்கிருந்து கிளப்பவும் முடியாது என்றார். அவள் இங்கேயே இருக்க வேண்டும். அவள் கண்ணெதிரே பிள்ளையும் இருக்க வேண்டும். இனி எவரும் அவர்களைப் பிரிக்கக்கூடாது.

அவள் பயந்தது நடக்கவில்லை. அவள் வேண்டியது அப்படியே கிடைத்துவிட்டது. நோக்கயா மண்டியிட்ட இடத்தைவிட்டு எழவில்லை.

காளையை அவிழ்த்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் மதுவைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். மாதோலோகூட அவர்களோடு போய்விட்டாள். ம்சோலிசி அன்றிரவு சித்தப்பாவின் வீட்டில் படுத்துக்கொண்டான். அப்பா நிற்கும் வீட்டில் மகன் எப்படி மனைவியோடு படுப்பான்? விடுப்பு முடியும் முன்பே சுரங்கத்துக்குத் திரும்பிவிட்டான்.

அவன் போன மறுநாள் விடியலில் நோக்கயா மிலீசாவைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மாடுகள் நின்றுகொண்டிருந்தன.

பட்டியின் படல் இரவோடு இரவாக எப்படியோ திறந்திருந்தது. மேய்ச்சலுக்குப் போகாமல், சோளக்கொல்லையில் வாய்வைக்காமல், அத்தனை மாடுகளும் முற்றத்தைத் தாண்டி அவளுடைய சிறிய வீட்டைச் சுற்றி வந்து நின்றிருந்தன. தலைகள் எல்லாம் அவள் வாசலைப் பார்த்திருந்தன. அவற்றின் மூச்சு குளிரில் வெள்ளையாக எழுந்தது. பெரிய வீட்டு வாசலில் மாம்பெலே போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்று, தன் பக்கம் ஒரு மாடும் திரும்பாததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோக்கயா அசையவில்லை. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை.

அவளுக்குப் பின்னால், கட்டில் பக்கமிருந்து, யாரோ மாடு ஓட்டுகிறவர்போல நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒருமுறை சொடுக்கினார்கள்.

மாடுகள் காதை நிமிர்த்தின. ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, மேட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கின.